சம்பளம் ஒருவருக்கு, புழுக்கம் இன்னொருவருக்கு

கோவையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வேலைக்காகச் சென்னைக்குக் குடிபெயரும் எந்தக் குடும்பமும் கணக்குப் போடாமல் கிளம்புவதில்லை. சம்பளம் எவ்வளவு கூடும், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதத்துக்கு, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி என்று எல்லாமே தாளில் ஏறிவிடும். வெயில் மட்டும் ஏறாது. "போகப் போகப் பழகிடும்" என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பொய்யான மறுபாதிக்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் அந்தச் சம்பளத்தை வாங்குபவர் அல்லர்.

முதலில் வரவைப் பார்ப்போம். அது சிறிதல்ல. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளும் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களும் ஒரே நகரைச் சுற்றி இருப்பதால், கணவனுக்கும் மனைவிக்கும் அவரவர் படிப்புக்கேற்ற வேலை இங்கே கிடைக்கும். சிறிய ஊரில் ஒருவர் வேலைக்காக மற்றவர் வீட்டில் உட்கார நேர்வதுண்டு. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மையம் போன்றவை பக்கத்தில் இருப்பது நோயாளி உள்ள வீட்டுக்குப் பெரிய பலம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து படிக்கலாம். 2015இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2025இல் கடற்கரை–செங்கல்பட்டு வழித்தடத்தில் ஏசி மின்சார ரயிலும் வந்துவிட்டது. வெயிலுக்குப் பயந்து இவ்வளவையும் வேண்டாம் என்பது விவேகமாகாது.

இனிச் செலவு. கோவையும் குளிர்ப்பிரதேசம் அல்லதான். ஆனால் அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேர்வையை உலர்த்திவிடுகிறது. சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை உலர இடமில்லை. வேர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியானால்தான் குளிரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளியில் 40 டிகிரியைத் தொட்ட பிறகே வெப்ப அலையைப் பற்றிப் பேசுகிறது. கடற்கரை ஊர்களுக்கு அந்த வரம்பு 37 டிகிரிதான். அங்கே வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கரையோரத்தில் குறைந்த சூடே கூடுதலாக வருத்தும் என்பதை அந்தத் துறையின் அளவுகோலே ஒப்புக்கொள்கிறது.

கடற்காற்று இதற்கு ஒரு மாற்று. நண்பகலை ஒட்டி அது உள்ளே நுழைந்தால் மயிலாப்பூரும் திருவான்மியூரும் சற்று மூச்சு விடும். கத்திரி நாட்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்துவிட்டால், கடற்காற்று தாமதமாகும். சில நாள் வரவே வராது. அப்போதுதான் வெப்பமானி 40ஐத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இந்தக் காற்று வந்து சேர இன்னும் நேரமாகும். வாடகை குறைவென்று மேற்கே போகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

"பழகிடும்" என்பதில் உண்மை எவ்வளவு? ஆரோக்கியமான உடல், ஓரிரு வாரங்களில் வெப்பத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வேர்வை சீக்கிரம் சுரக்கும், கூடுதலாகச் சுரக்கும், அதில் உப்புக் குறையும். ஆனால் சுரந்த வேர்வையை உலர்த்த எந்தப் பழக்கத்தாலும் முடியாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்பது நெடுநாள் கருத்து. இளம் வயதினரை வைத்துப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் தடுமாறத் தொடங்கியது. எழுபது வயது அப்பாவையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அழைத்துவருபவர்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

அதிலும் பகலைவிட இரவே கடுமை. மே மாத இரவில் கோவையில் வெப்பநிலை 24 டிகிரியை ஒட்டி இறங்கும். சென்னையில் 28ஐ ஒட்டியே நிற்கும். பகல் முழுவதும் சூடு குடித்த கான்கிரீட் தளம், நள்ளிரவு வரை அதை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறை இதை ஓரளவு தடுத்தது. அதை விட்டுவிட்டுக் கட்டிய வீடுகளில் கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு மின்விசிறி, விடிய விடிய வெக்கைக் காற்றைத்தான் வீசும்.

இந்தச் செலவு வீட்டுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சம்பளக்காரர் ஒன்பது மணிக்கு ஏசி அலுவலகத்துக்குப் போய்விடுகிறார். கிழக்குப் பார்த்த ஒரு சமையலறையில் மே மாதக் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். ஓர் அடுப்பில் குக்கர், இன்னொன்றில் தோசைக்கல். விசிறியைப் போட்டால் தீ ஆடும். அதனால் போட முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்குப் பதிலாக உள்ளே வருவதும் அதே ஈரக் காற்றுதான். நைட்டி முதுகில் ஒட்டியிருக்கும், கழுத்தில் வேர்க்குரு, முந்தானையோ துண்டோ எதைக் கொண்டு துடைத்தாலும் நெற்றி மறுபடி நனையும். அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

ஏசி வாங்கினால் தீராதா? ஓர் அறைக்குத் தீரும், ஒரு விலைக்கு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றிக் கீழ் அடுக்குகளுக்கும் கட்டணம் ஏறிவிடும். படுக்கையறையில் ஏசி ஓட, சமையலறை அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு வீடும் வெளியே தள்ளும் சூடு தெருவை மேலும் சூடாக்க, ஏசி இல்லாத பக்கத்து வீடு அதையும் தாங்குகிறது.

வீட்டுக்கு வெளியே பாதிப்பு இன்னும் கூடுதல். கட்டட வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் வந்தவர்களுக்கு அலுவலக ஏசியும் இல்லை, நிழலும் இல்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற 2021 சட்டத் திருத்தமும், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த 2024 ஆணையும், விநியோக ஊழியர்களுக்கென 2025இல் மாநகராட்சி திறந்த ஏசி ஓய்வறைகளும் சரியான திசையில் வைத்த அடிகள். நகரின் உழைப்பாளர் தொகைக்கு அவை போதவே போதாது. வெயில் போனால் நிம்மதி என்றும் இல்லை. 2015இலும் 2023இலும் வெள்ளம். 2019இலோ தண்ணீர்ப் பஞ்சம்; ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

ஆக, முடிவு என்ன? இருவரும் வேலைக்குப் போகும், கடைசி மாடியைத் தவிர்த்து வாடகை தரக்கூடிய இளம் குடும்பத்துக்கு இந்த இடமாற்றம் பெரும்பாலும் லாபமே. ஒரே சம்பளம், முதியவர், கைக்குழந்தை, மொட்டை மாடிக்குக் கீழே ஒண்டுக்குடித்தனம் என்றால், சம்பள உயர்வில் ஒரு பகுதியை வெப்பத்துக்கென எடுத்துவைத்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் கிளம்ப வேண்டும்.

நடைமுறையில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதால் மேயில் வீடு மாறுகிறோம். கத்திரி வெயிலில் பழகாத உடலோடு வந்து இறங்கி, மூட்டை பிரிப்பது எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. சம்பளக்காரர் தை மாசியில் தனியாக முன்னே வரட்டும். வீட்டை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்து, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சுட்டால் அந்த வீடு வேண்டாம். பிறகு குடும்பம் வரட்டும். மிக முக்கியமாக, போகலாமா என்ற பேச்சில் அடுப்படியில் நிற்கப்போகிறவருக்கும் வீட்டிலேயே இருக்கப்போகும் முதியவருக்கும் சம்பளக்காரருக்கு இணையான குரல் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, சம்பளம் எத்தனை மடங்கு கூடினாலும், நியாயமான முடிவு ஆகாது.