ஒரு மரத்தை வெட்டினாலும்

எனக்குத் தெரிந்த சங்கத் தோழர்களிடம் சுற்றுச்சூழல் என்று வாயெடுத்தால் போதும், "முதல்ல வேலை, அப்புறம்தான் மரம்" என்பார்கள். பாட் ஃபிஸ்க் எடுத்த 'ராக்கிங் த ஃபவுண்டேஷன்ஸ்' (1985) ஆவணப்படத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சிட்னியின் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதை. கொத்தனார், தச்சரெல்லாம் இல்லை. நம் பேச்சில் சொன்னால் சித்தாள்களின் சங்கம். 1971-ல் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டை அழித்து வீடு கட்ட ஒரு நிறுவனம் கிளம்பியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பதிமூன்று பேர் சங்கத்திடம் வந்தார்கள். "ஊர்க்கூட்டம் போடுங்க, ஜனங்க உங்க பக்கம்னு காட்டுங்க" என்பதுதான் சங்கத்தின் நிபந்தனை. கூட்டம் நடந்தது, தடை வந்தது. அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள், அங்கே ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் அரைகுறையாகவே நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். 1974-க்குள் இப்படி நாற்பதுக்கு மேல் 'பசுமைத் தடைகள்'.

ஃபிஸ்க் கதையை 1940-களிலிருந்தே தொடங்குகிறார். அது சரியான முடிவு. கூலிக்காக 1970-ல் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து பழகிய சங்கம் அது. அந்தப் பலம் இல்லாமல் மரத்தைப் பற்றிப் பேசியிருந்தால் யார் மதித்திருப்பார்கள்? செயலாளர் ஜாக் மண்டே, பதவிக்குக் காலவரம்பு வேண்டும் என்று தானே வாதாடி, 1973-ல் விலகிக்கொண்டார். இதெல்லாம் சேர்ந்துதான் அந்தத் தடைகள்.

ஃபிஸ்க்கும் அந்தச் சங்கத்தில் சித்தாளாக இருந்தவர். படத்தின் சூடு அதிலிருந்து வருகிறது; குறையும் அங்கிருந்துதான். மத்தியத் தலைமையின் நார்ம் கலகர் வில்லனாகவே நிற்கிறார். 'ரொம்ப தூரம் போயிட்டீங்க' என்ற அவர் தரப்பை நானும் ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. சிட்னியில் அப்போது கட்டட வேலை குவிந்துகிடந்தது. ஒரு இடத்தில் மாட்டேன் என்றால் இன்னொரு இடம் கூப்பிட்டது. 1974-ல் அந்தச் சூழல் சரிந்தது. வேலையே இல்லாத நாளில் எந்தச் சித்தாளால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? என் தோழர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான். படம் இங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

கெல்லிஸ் புஷ் இன்றும் இருக்கிறது. மண்டேயையும் தோழர்களையும் 1975-ல் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். உறுப்பினர் அட்டை இல்லாமல் அப்போது அந்தத் தொழிலில் வேலை கிடைக்கவில்லை.