நாயகனாக நடிக்க வந்தவர்கள்

ஊர்த் திருவிழாவில் எம்.ஜி.ஆர். வேஷம் கட்டி ஆடுபவருக்கு இரண்டு நிமிடம் போதும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உயர்த்திய இரண்டு விரல், விசில் பறக்கும். அந்தக் கலைக்கு அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் அதே முழக்கோலைத்தான் திரையரங்குக்கும் எடுத்துப் போகிறோம். இன்னார் வாழ்க்கைப் படத்தில் இன்னார் நடிக்கிறார் என்று செய்தி வந்ததுமே இரண்டு புகைப்படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூக்கையும் தாடையையும் ஒப்பிடத் தொடங்குகிறோம். படம் வந்த பிறகு எழுதப்படும் விமர்சனங்களிலும் பாதி, ‘அச்சு அசல்’ என்றோ ‘துளிகூடப் பொருந்தவில்லை’ என்றோ முடிந்துவிடுகின்றன.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் இந்த ஒப்பீடு எவ்வளவு வழுக்கலானது என்று பாருங்கள். 1936இல் ‘சதிலீலாவதி’யில் சிறு வேடத்தில் அறிமுகமானவர், ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாக வந்தது 1947இல். ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியான 1965இல் அவருக்கு வயது 48. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு தொண்டையில் பாய்ந்த பிறகு குரலே மாறிப்போனது. மிமிக்ரி மேடைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பிந்தைய குரலைத்தான். முப்பது வயது எம்.ஜி.ஆரின் பேச்சும் நடையும் எத்தனை பேர் மனதில் இருக்கின்றன? ஆகவே அவருடைய இளமைக் காலத்தை நடிக்க வருகிறவருக்குச் சுமை குறைவு, சுதந்திரம் அதிகம்.

அந்தச் சுதந்திரத்தை முழுசாக அனுபவித்தவர் மோகன்லால். ‘இருவர்’ (1997) படத்தில் பாத்திரத்தின் பெயர் ஆனந்தன். ஆனால் யாரென்று தெரியாமல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர் யாரும் இல்லை. முகச்சாயல் இல்லை, தமிழில் மலையாள வாடை வேறு. கதாநாயகனாக ஒப்பந்தமான முதல் படம் பாதியில் நின்று, ஆனந்தன் மறுபடி சின்ன வேஷத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்பாரி இல்லை, வசனமும் அதிகமில்லை. எழும்பி நின்ற உடம்பு ஒரு சுற்று சிறுத்ததுபோல் ஆகிறது. இவன் நட்சத்திரமாவான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாதவனாகவே கடைசிவரை நடிக்க முடிந்ததுதான் மோகன்லாலின் வெற்றி.

‘தலைவி’யில் (2021) அரவிந்த்சாமி இதற்கு நேர்மாறான வழியில் போனார். சிரிப்பு, தலைசாய்ப்பு, கைவீச்சு எல்லாம் உழைத்துக் கற்றவை, பாராட்டும் கிடைத்தது. எனக்கு ஒரு குறை. ஒப்பனை அறையிலும் வீட்டிலும்கூட அவர் கேமரா முன்னால் நிற்கும் எம்.ஜி.ஆராகவே இருக்கிறார். நடிகன் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவான், அலுத்துக்கொள்வான். அந்த ஆளைக் காணோம்.

தெலுங்கில் நடந்தது வேறு கூத்து. என்.டி. ராமாராவாக அவர் மகன் பாலகிருஷ்ணாவே ‘என்.டி.ஆர்: கதாநாயகுடு’வில் (2019) நடித்தார். ரத்தச் சாயல் இருந்தது. ஆனால் 1949இல், இருபத்தாறு வயதில் சினிமாவுக்கு வந்த இளைஞனை ஐம்பத்தெட்டு வயதில் நடிப்பதை எந்த ஒப்பனையும் காப்பாற்றவில்லை. வசூலிலும் படம் தோற்றது.

இளம் நடிகர் என்று வரும்போது நான் நீண்ட நேரம் நிற்பது துல்கர் சல்மானிடம். நடிகை சாவித்திரியின் வாழ்க்கையை வைத்து நாக் அஸ்வின் இயக்கிய ‘நடிகையர் திலகம்’ 2018 மே மாதம் வந்தபோது அவருக்கு 31 வயது. அதில் அவர் ஏற்ற ஜெமினி கணேசனின் சாயல் அவரிடம் தேடினாலும் கிடைக்காது. அதனாலேயே, நகலெடுக்கும் வேலையை அவர் தொடவே இல்லை. ஜெமினியிடம் நாம் அறிந்தது ஒரு மென்மை: சண்டைக்குப் போகாத, குரல் உயர்த்தாத காதலன். துல்கர் அந்த மென்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வீட்டுக்குள் என்னவாகிறது என்று காட்டுகிறார். ஜெமினி ஸ்டுடியோவில் சாவித்திரியை முதலில் பார்க்கும்போது வருகிற சிரிப்பில் தன்னம்பிக்கை வழிகிறது. மனைவியாகிவிட்ட சாவித்திரியின் புகழ் தன்னைத் தாண்டிப் போகத் தொடங்கிய பின்னும் அதே சிரிப்புதான் வருகிறது. கண்மட்டும் கூட வருவதில்லை. வில்லனாக்கவும் இல்லை, வெள்ளையடிக்கவும் இல்லை.

அந்தச் சித்திரிப்பு உண்மையல்ல என்று ஜெமினியின் குடும்பத்திலிருந்து வெளிப்படையாகவே மறுப்பு எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஆனால் திரைக்கதையிடம் கேட்க வேண்டிய கேள்வி. எழுதப்பட்ட மனிதனை நடிகர் நம்பவைத்தாரா என்பது தனிக் கணக்கு. நம் விமர்சனங்கள் இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவிடுகின்றன. அந்தப் படத்தில் சாவித்திரியாக நடித்துத் தேசிய விருது பெற்ற கீர்த்தி சுரேஷின் நிழலில் துல்கரின் வேலை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். அதே படத்தில் தாத்தா அக்கினேனி நாகேஸ்வர ராவாகச் சில நிமிடங்கள் வரும் நாக சைதன்யாவுக்குப் பேரன் என்ற சலுகை கைகொடுத்தது, அவ்வளவுதான்.

‘காந்தா’வில் (2025) துல்கர் மீண்டும் அந்தக் கால மெட்ராஸின் நட்சத்திரமாகிறார், இம்முறை டி.கே. மகாதேவன் என்ற கற்பனை நாயகன். செட்டில் அன்றைய நாடகபாணி நடிப்பு, செட்டுக்கு வெளியே இயக்குநரோடு முட்டும் ஒரு மனிதனின் அகங்காரம். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு என்று அவர் நம்மைத் தேடவைக்கிறார்.

இனி இப்படி ஒரு படம் வரும்போது புகைப்படங்களை ஒட்டிப் பார்க்க வேண்டாம். ‘கட்’ சொன்ன பிறகு அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் மோகன்லாலுக்கு முதலிடம், துல்கருக்கு அடுத்த இடம். அரவிந்த்சாமி எவ்வளவு அசலாக இருந்தாலும் இவர்களுக்குப் பின்னால்தான்.