வளவுக்குள் வந்த விருந்தாளிகள்

விடுமுறைக்கு இந்தியா போகும் நம்மவர் பலர் இப்போது மதுரை, தஞ்சாவூர் பார்த்த கையோடு செட்டிநாட்டிலும் இரண்டு இரவு தங்கித் திரும்புகிறார்கள். கொண்டுவரும் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன: தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, முற்றத்தில் விழும் வெயில், மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி. 'ஊரில எங்கட நாற்சார் வீடு மாதிரி' என்று சொல்லிக் காட்டுகிறார்கள். அந்த 'மாதிரி'யைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எமக்குத் தோன்றுகிறது.

இவ்வீடுகள் விடுதிகளாவதை எடுத்த எடுப்பில் பழிப்பதில் எமக்கு உடன்பாடில்லை. செட்டிநாட்டு வீடு ஒருவர் சொத்தல்ல. பாட்டன் கட்டியது பிள்ளை, பேரன் என்று பங்கு பங்காகப் பிரிந்துகொண்டே போகும். திருத்துவதற்கும் விற்பதற்கும் அத்தனை பங்காளிகளும் ஒத்துவர வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு ஒழுகுவதைப் பார்க்க ஊரில் ஒரு காவற்காரர் மட்டும். ஒழுக்கு உத்தரத்தில் இறங்கிவிட்டால் பிறகு வீட்டைக் கழற்றத்தான் வேண்டும். தூண், நிலை, கதவு, பித்தளை அண்டா எல்லாம் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்குப் போய்ச் சேரும். விடுதியா, கழற்றி விற்பதா என்றால் விடுதியே மேல்.

எப்படித் திருத்துகிறார்கள் என்பதில்தான் எமது மனத்தாங்கல். பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, படை படையாகப் பூசி, கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த வேலை. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை அது வாங்கி வெளியே விட்டுவிடும். அவசரக்காரர்கள் அதன்மேல் சீமெந்தைப் பூசுகிறார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சில மழைக்காலங்களில் பழைய பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது. குளியலறைக் குழாய்க்காகச் சுவரைக் கொத்துவதும், மழைக்கும் காகத்துக்கும் பயந்து முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதும் இதே வகைதான். மேலேறிப் போகவேண்டிய வெக்கை உள்ளேயே நிற்கும். அப்புறம் குளிரூட்டி வேண்டும். கூரையால் வழிந்து முற்றத்து அண்டாவை நிரப்பி, மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போன மழைநீர் வீணாகிறது. வீட்டின் நுரையீரலை அடைத்துவிட்டு அதன் முகத்துக்கு மட்டும் பவுடர் போடுகிறார்கள்!

நல்ல வேலையும் நடந்திருக்கிறது. கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டப்பட்ட சாரதா விலாஸை இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்தார்கள். செட்டிநாட்டை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற வைத்த முயற்சியிலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஊர்களைத் தெருக்களோடும் ஊருணிகளோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பார்வை அதில் இருந்தது.

ஆனால் சுண்ணாம்பைச் சரியாகக் குழைத்துவிட்டால் எல்லாம் மீண்டுவிடுமா? முகப்பு ஆண்களுடையது, வரவு செலவு நடந்த இடம். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் உரியவை. ஒரே கூரையின் கீழ் அடுப்புகள் மட்டும் தனித்தனி. பெண்களின் நாட்கள் பின்கட்டில் கழிந்தன. இன்று அதே வீட்டில் விருந்தாளிக்குச் 'செட்டிநாட்டுச் சமையல்' செய்து காட்டுகிறார்கள். அடுப்படியில் வெந்தவள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அதைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. 'பர்மாத் தேக்கு' என்று தூணைத் தடவிப் பார்க்கிறோம். பர்மா எங்கே? 1852இல் கீழ்ப் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தபின், காட்டை வெட்டி நெல்வயலாக்கிய குடியானவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழ, கடன் திரும்பாமல் நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 வீதமாக இருந்த அவர்களது நிலம் 1937 அளவில் 25 வீதமாயிற்று. பர்மியக் குடியானவன் அதை மறக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் வந்தபோது நம்மவர்கள் ஓடினார்கள். கால்நடையாகக் காடு கடந்தவர்கள் எத்தனையோ பேர், வழியில் விழுந்தவர்களும் எத்தனையோ பேர். சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் அரசுடைமையாயிற்று. (கொழும்புச் செட்டியார் தெருவின் வட்டிக் கணக்கும் இவ்வீடுகளில் உண்டு. அது தனியே எழுதவேண்டிய கதை.)

ஆக, ஒருவன் இழந்த நிலமும் இன்னொருவன் இழந்த ஊரும் ஒரே தூணில் நிற்கின்றன. எந்த விடுதியும் இதை விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் நாம், துரத்தப்பட்டவர்கள், அந்தத் தூணில் சாய்ந்து படமெடுக்கும்போது 'எங்கட வீடு மாதிரி' என்று அழகை மட்டும் சொந்தம் கொண்டாடுவது எமக்கு உறுத்துகிறது. எங்கள் நாற்சார் வீடுகளிலும் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். திண்ணைக்கு மேல் ஏறாதவர்கள் இருந்தார்கள். போர் முடிந்து 2009க்குப் பிறகு யாழ்ப்பாணம் திரும்பிய வெளிநாட்டுக் காசு, ஷெல்லுக்குத் தப்பி நின்ற நாற்சார் வீடு சிலவற்றை இடித்துக் கொங்கிறீற் மாடியாக்கியிருக்கிறது. மிச்சம் நிற்பதை யாராவது திருத்த நினைத்தால் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசனையும் தேட வேண்டும், அந்தத் திண்ணையில் யார் யார் இருக்கவில்லை என்று ஊரில் கேட்டும் வைக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.