தீர்ப்புக்கு முந்திய ஒரு மணிநேரம்

தொஸ்தோயெவ்ஸ்கியின் இறுதி நாவலான ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880), தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மித்யாவின் வழக்கில் உச்சநிலை எய்துகின்றது. 1864ஆம் ஆண்டின் நீதிச் சீர்திருத்தம் ருஷ்யாவுக்கு அளித்த யூரி முறையும் அங்கு விசாரணைக்குள்ளாகின்றது எனலாம்.

யூரிமார் ஆலோசித்து மீள ஒரு மணிநேரமாகின்றது. நள்ளிரவு கடந்தும் சபையோர் கலையவில்லை. சிற்றுண்டி அருந்தியவாறே, விடுதலை நிச்சயமென்று பேசிக்கொள்கின்றனர். அவர்களுக்கு இஃதொரு நாடகக் காட்சியின் இடைவேளை.

வாசகரின் நிலை வேறு. கொலைஞன் ஸ்மெர்டியாக்கோவ் என்பதையும், அவன் விசாரணைக்கு முன்னிரவே தூக்கிட்டு மாண்டதையும் அவர் அறிவார். எனவே, குற்றவாளி யார் என்பதன்று அவரது பதற்றம். அறிந்த உண்மை மன்றத்தை எட்டுமா என்பதே. துப்பறியும் கதையினின்று இந்நாவல் வேறுபடுவது இங்கேதான்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க முடியாது. யூரிமாருள் அறுவர் விவசாயிகளும் நகரத்துச் சாமானியருமாவர். இத்தகையோருக்கு இவ்வழக்கு விளங்குமா எனப் படித்தோர் தொடக்கத்திலேயே ஐயுறுகின்றனர். குற்றவாளியே என்ற தீர்ப்பு அந்த ஐயத்தை மெய்ப்பிப்பதுபோல் அமைகின்றது. அவர்கள் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தனர் என்பதை ஆசிரியர் காட்டவில்லை. மித்யாவின் உள்ளத்தை அத்துணை ஆழமாகத் துருவியவர், அவனது விதியை நிர்ணயித்தோரின் அறைக் கதவைத் திறவாதே விட்டுவிட்டார்.