கிளை மாட்யூல்கள் பெருகும்போது கிரேடில் எப்படி?

அய்யலூர் தக்காளி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு வேண்டியது பெட்டிக் கணக்கு, ஏல விலை, கமிஷன் கழிவு, விவசாயி கையில் கொடுக்கும் சீட்டு. இவ்வளவுதான். ஆனால் போனில் போடும் கணக்கு கடைக் கணினியிலும் சர்வரிலும் அப்படியே வர வேண்டும் என்றால், கமிஷன் கழிக்கும் நிரல் மூன்று இடத்தில் ஓடியாக வேண்டும். அதை மூன்று முறை எழுதி வைத்தால் என்றாவது ஒருநாள் மூன்றும் மூன்று தொகை காட்டும். விவசாயிக்கு அது உழைத்த காசு. அந்த நிரலைத் தனி மாட்யூலாக ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் அதையே எடுத்துக்கொள்வதுதான் சரி. வடமதுரையில் 8 ஜிபி ராம் லேப்டாப்பையும் மொபைல் டேட்டாவையும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு ஆப் கட்டுகிறவனின் கண்ணில் கிரேடில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

கிரேடில் 1.0 வந்தது 2012-ல். அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை அறிவித்த கூகுள், பில்ட் கருவியாக இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு பக்கம் வந்தவர்கள் இதைப் பழகாமல் முடியாது.

மாட்யூல்களைச் சேர்ப்பது எளிது. செட்டிங்ஸ் ஃபைலில் 'இன்க்ளூட்' போட்டு, முக்காற்புள்ளி வைத்துப் பாதையை எழுதினால் போதும். சிக்கல் அதற்கு அடுத்த அடுக்கில். ':கடை:ஏலம்:டேட்டா' என்று ஒரே வரி எழுதினால் கிரேடில் மூன்று ப்ராஜெக்ட்டை உருவாக்கிவிடும்: கடை, அதற்குள் ஏலம், அதற்குள் டேட்டா. முதல் இரண்டும் வெறும் ஃபோல்டர். உள்ளே ஒரு வரி நிரல்கூட இருக்காது. ஆனாலும் கிரேடில் கணக்கில் அவையும் ப்ராஜெக்ட்தான். 'ப்ராஜெக்ட்ஸ்' டாஸ்க்கை ஓட்டிப் பாருங்கள், மரம் முழுக்கத் தெரியும். ஃபோல்டர் அடுக்கு கண்ணுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், ':ஏலம்-டேட்டா' என்று ஒற்றைப் பெயர் வைத்து, அதன் 'ப்ராஜெக்ட்டிர்' மதிப்பில் உண்மையான ஃபோல்டரைக் காட்டிவிடலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏலத்துக்குள் ஒரு 'டேட்டா', பில்லுக்குள் ஒரு 'டேட்டா' என்று வைத்துவிட்டு, எல்லா மாட்யூலுக்கும் ஒரே 'குரூப்' பெயரைக் கொடுத்தால் இரண்டின் முகவரியும் ஒன்றாகிவிடும். சார்புகளைத் தேடும்போது கிரேடில் அவற்றை ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது வரும் பிழைச் செய்தியைப் படித்து இந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். கடைசிப் பெயர் ஒவ்வொன்றும் வேறாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பல பழைய பாடங்கள் மேல்மட்ட பில்ட் ஃபைலில் 'சப்ப்ராஜெக்ட்ஸ்' என்று ஒரு தொகுதி எழுதி, பொது அமைப்புகளை எல்லாம் அதில் கொட்டச் சொல்லும். வேண்டாம். மேலிருந்து எல்லா மாட்யூலுக்கும் ஒரே மாதிரி இறங்கும் அமைப்பு சர்வர் மாட்யூலுக்கும் ஆண்ட்ராய்டு மாட்யூலுக்கும் ஒருசேரப் பொருந்தாது. மாட்யூலின் சொந்த ஃபைலைத் திறந்து பார்த்தால், இந்த ஜாவா பதிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. அதற்குப் பதில் 'பில்ட்-லாஜிக்' என்று தனி ஃபோல்டர் வைத்து, 'இன்க்ளூட்பில்ட்' மூலம் இணைத்து, உள்ளே 'கடை-ஆண்ட்ராய்டு', 'கடை-ஜேவிஎம்' என்று இரண்டு கன்வென்ஷன் பிளகின் எழுதுங்கள். எந்த மாட்யூலுக்கு எது வேண்டுமோ அது பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லைப்ரரி பதிப்புகள் வெர்ஷன் கேட்டலாக்கில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அதன்பின் ஒரு மாட்யூலின் பில்ட் ஃபைல் உள்ளங்கை அளவுதான். புதிதாகச் சேரும் பையன்கூட அரை நிமிடத்தில் படித்துவிடுவான். கிரேடிலில் எனக்கு ஆகப் பிடித்தது இந்த வசதிதான்.

சார்பு எழுதும்போது 'ஏபிஐ' என்று போடக் கை தானாகப் போகும். 'இம்ப்ளிமென்டேஷன்' என்று போடுங்கள். கணக்கு மாட்யூலை ஏலம் பயன்படுத்துகிறது, ஏலத்தை ஆப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். 'இம்ப்ளிமென்டேஷன்' போட்டிருந்தால், கணக்கில் புதிதாக ஒரு ஃபங்க்ஷன் சேர்த்ததற்காக ஆப் மறுபடி கம்பைல் ஆகாது. சின்ன லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

அடுத்தது மெமரி. கிரேடில் டீமனுக்கு இயல்பாகக் கிடைப்பது 512 எம்பி ஹீப். மாட்யூல்கள் பெருகினால் பற்றாது. ப்ராப்பர்டீஸ் ஃபைலில் அதை 2 ஜிபி ஆக்கலாம். அதற்கு மேல் போனால், கோட்லின் டீமனும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் தங்கள் பங்கைக் கேட்கும்போது 8 ஜிபி மூச்சுத் திணறும். கான்ஃபிகரேஷன் கேஷை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். 2023-ல் 8.1 பதிப்பில் அது நிலைபெற்றது. 2025-ல் வந்த 9.0 அதையே விரும்பத்தக்க முறை என்று அறிவித்தது. எல்லா பில்ட் ஃபைலையும் படித்து முடித்த முடிவை அது சேமித்து வைப்பதால், மாட்யூல் கூடக் கூட அதன் பலனும் கூடும். டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள் ராப்பர் அமைப்பில் 'ஆல்' பதிப்பை விட்டு 'பின்' பதிப்பை எடுங்கள்; ஆவணங்களும் மூல நிரலும் சேர்ந்து இறங்காது. லைப்ரரிகள் ஒருமுறை இறங்கிவிட்டால் 'ஆஃப்லைன்' கொடியோடு நெட் இல்லாமலே பில்ட் ஓடும்.

குறை என்றால் வழிகள் அதிகம் என்பதுதான். ஒரே வேலையை க்ரூவியிலும் எழுதலாம், கோட்லினிலும் எழுதலாம். பழைய முறையிலும் புது முறையிலும் எழுதலாம். தேடிக் கிடைக்கும் விடை எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் ஒட்டினால் பில்ட் உடையும். மேவனில் இந்தச் சுதந்திரம் இல்லை, இந்தக் குழப்பமும் இல்லை. ஆண்ட்ராய்டு இல்லாமல் சர்வர் மட்டும், அதுவும் மூன்று நான்கு மாட்யூலோடு நிற்கும் என்றால் மேவனே போதும். போன், கணினி, சர்வர் மூன்றும் ஒரே கணக்கு மாட்யூலைப் பகிர வேண்டும் என்றால் கிரேடிலை எடுங்கள்; முதல் நாளே 'பில்ட்-லாஜிக்' ஃபோல்டரோடு தொடங்குங்கள்.