ஒரு சாண் தண்ணீர் போதுமா?

பூதலூருக்கு வடக்கே ஓடும் வெண்ணாற்றைப் பார்த்திருப்பீர்கள். கல்லணையில் பிரிந்து வரும் அந்த நீர், நீடாமங்கலத்துக்கு அருகில் கோரையாறு, பாமனியாறு என்று கிளைத்து, முடிவில் முத்துப்பேட்டைக் காயலை அடைகிறது. அலையாத்திக் காடு சூழ்ந்த அக்காயலின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதற்கு அப்பாலுள்ள பாக் விரிகுடாவும் ஆழமற்றதே. அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். நீர் குறைவு, நெருக்கடியோ மிகுதி. எங்கு திரும்பினாலும் வலைகள், ஊன்றிய கழிகள், மீன்பிடிப் படகுகள். இத்தகைய நீரில் பாய் விரித்துச் செல்ல ஒரு சிறு படகு வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

‘கேட்டமரான்’ என்று பலர் உடனே விடை கூறுவர். ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் கட்டுமரந்தானே அது என்ற பெருமையும் சேர்ந்துகொள்ளும். இவ்விரண்டையும் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலில் பெயர். சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் குறிப்பிட்டார். அவர் கண்டது சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள். இன்று கேட்டமரான் எனப்படுவதோ, இடைவெளிவிட்டு இணைத்த இரண்டு ஓடங்கள். அவ்வமைப்பு பசிபிக் தீவு மக்களின் மரபைச் சேர்ந்தது. சொல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. ஆகவே, பெயரை நம்பிப் படகை நம்பலாகாது.

இனி, அந்த ஒரு சாண். 1970களில் உலகெங்கும் பரவிய ‘ஹோபி 16’ என்ற படகையே எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. காற்று பக்கவாட்டில் தள்ளுவதைத் தடுக்கப் பல பாய்ப்படகுகள் அடியில் ஒரு பலகையை இறக்குகின்றன. இதற்கு அது வேண்டியதில்லை. ஒவ்வோர் ஓடத்தின் வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் இருப்பதால், ஓடமே அப்பலகையின் வேலையைச் செய்துவிடுகிறது. தரை தட்டினால் சுக்கான் தானே மேலெழும். மணற்கரையில் ஏற்றி இறக்க இதைவிட எளிய படகு அரிது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஆழக் கணக்கு, ஆள் ஏறாத படகின் கணக்காக இருக்கலாம். ஆர்க்கிமிடீஸ் விதியைக் கொண்டு நீங்களே சோதிக்கலாம். நீர்மட்டத்தில் ஓடம் ஒவ்வொன்றும் 4 மீட்டர் நீளமும், சராசரி 30 செ.மீ. அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பரப்பு 2.4 சதுர மீட்டர். படகு 1 செ.மீ. அமிழ்ந்தால் 24 லிட்டர் நீர் விலகும். அதாவது 24 கிலோ தாங்கும். தலா 72 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 6 செ.மீ. அமிழும். 12 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டையான படகில் அதே இருவர் ஏறினால் அமிழ்வது 1.2 செ.மீ. மட்டுமே. சுமை கூடக் கூட இந்த வேறுபாடும் கூடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இரட்டை ஓடம் தொடக்கத்தில் மிக உறுதியாக நிற்கும். காற்று வரும் பக்கத்து ஓடம் நீரை விட்டு எழுந்த பிறகோ, சாயச் சாய அவ்வுறுதி குறைந்துகொண்டே போகும். இறுதியில் முழுவதும் கவிழ்ந்தால், தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும்! ஹோபியின் பாய்மரம் சுமார் 8 மீட்டர் உயரம். இரண்டு மீட்டர் நீரில் கவிழ்ந்தால் அம்மரம் சேற்றில் குத்தி நிற்கும், வளையவும் முறியவும் கூடும், நிமிர்த்துவதும் கடினம். படகின் அடிக்கு ஒரு சாண் போதும். பாய்மரத்தின் நுனிக்கு அது போதுமா? இதை விற்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

நெருக்கடியில் என்ன ஆகும்? படகு இலேசானது, ஆகவே திரும்பும்போது உந்தம் குறைவு. காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்புகையில் பாதியிலேயே நின்று, பின்னோக்கி நகரத் தொடங்குவதும் உண்டு. பின்னால் வலை இருந்தால் என் செய்வது? நல்ல காற்றில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பாய்ந்தால், 50 மீட்டர் தொலைவைக் கடக்க ஆறே விநாடிகள். அந்த வலை ஒருவருடைய பிழைப்பு என்பதை மறக்கலாகாது.

பாக் விரிகுடா மக்கள் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டனர். அதிராம்பட்டினம், கோடியக்கரைப் பகுதிகளின் ‘வத்தை’ ஒற்றை உடல் கொண்டது. குறுக்குவெட்டில் பெட்டி போன்றது. பாய் ஓட்டிய காலத்தில், காற்று வரும் பக்கம் நீளுமாறு ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதன்மேல் ஆட்கள் நகர்ந்து அமர்ந்து படகைச் சமன் செய்தனர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சாய்வைத் தடுக்க இரண்டாவது ஓடத்தை நிலையாகச் சுமப்பதற்குப் பதில், வேண்டும்போது வைத்து வேண்டாதபோது எடுக்கும் பலகை! இதிலும் குறையில்லாமல் இல்லை: ஆள் மிகுதியாக வேண்டும், வேகமும் குறைவு. பின்னர் இயந்திரம் வந்து பாயை விலக்கிவிட்டது.

ஆகவே, என் முடிவு இது. தடையற்ற விரிகுடாவில், நீந்தத் தெரிந்த இருவர், மிதவைச் சட்டை அணிந்து விரைந்து செல்ல விரும்பினால், சிறு இரட்டை ஓடம் நல்ல தேர்வே. பாய்மர நுனியில் மிதவை கட்டி, காற்று வலுத்தால் பாயைச் சுருக்க வேண்டும். காயலிலும் வலைகள் நிறைந்த கரையோரத்திலும் அது பொருந்தாது. அங்கே தட்டையான அடி, குட்டையான பாய்மரம், கையில் ஒரு துடுப்பும் கழியும் கொண்ட ஒற்றை உடற்படகே சிறந்தது.

படகு பார்க்கப் போகும் இளைஞர்களே, எவ்வளவு நீரில் மிதக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆளேறினால் எவ்வளவு அமிழும், எவ்வளவு இடத்தில் திரும்பும், கவிழ்ந்தால் எப்படி நிமிரும் என்ற மூன்றையும் கேளுங்கள். பிறகு, போகப்போகும் நீரில் ஒரு கழியை விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள்.