மேல்பாதிக்கு வழி கேட்காத ஆய்வேடுகள்

உலக அமைதியில் சமயங்களின் பங்கு, உலகமயமாக்கலும் அறநெறியும், பன்னாட்டு உறவுகளில் காந்தியம். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளிலும் கருத்தரங்க மலர்களிலும் இந்த வகைத் தலைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. விழுப்புரமும் திண்டிவனமும் விலக்கல்ல. குறை சொன்னால் உடனே பதில் வரும்: சிற்றூர்ப் பிள்ளைகள் உலகத்தைப் பற்றி யோசிக்கக் கூடாதா?

தாராளமாக யோசிக்கலாம். வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர் நூலகத்தில் உட்கார்ந்து ஐம்பது பக்கம் எழுதி முடிப்பது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் அந்த ஐம்பது பக்கத்தில் ஒரு மனிதராவது வாய் திறந்து பேசுகிறாரா?

சமயம், அறம், உலக அரசியல் மூன்றும் விழுப்புரம் மாவட்டத்தில் பேருந்து போகிற தூரத்தில் கிடக்கின்றன. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்கு அரசு சீல் வைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் நடை திறந்தது. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். வழிபாட்டு உரிமை பற்றி இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இதே திரௌபதி வழிபாட்டைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல், செஞ்சி வட்டாரத்தில் அலைந்து 1988இல் ஒரு பெரிய நூலே கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த வழி உள்ளூர் நெறியாளர்களுக்குத் தெரியாமல் போகுமா?

தெரியும். அதனால்தான் போவதில்லை. மேல்பாதிக்குப் போனால் இரண்டு தெருவிலும் கேள்வி கேட்க வேண்டும். அந்தத் தெருக்களின் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உலக அமைதியோ யார் சாதியையும் கேட்காது. பெரிய தலைப்பு பேராசையால் வருவதாகச் சொல்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பயம்தான்.

பயப்படத் தேவையில்லாத இடங்களும் இருக்கின்றனவே. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. அப்படி உயிர்விடுவது தற்கொலையே என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தமிழ்ச் சமணர்களின் மடம் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. கருணைக்கொலை பற்றி எழுதும் மாணவர் ஒரு நாள் அங்கே போய் வந்தால் போதும், கட்டுரையின் முகமே மாறிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அகதிகளின் அறநிலை பற்றிய ஆய்வு ஜெனீவாவில்தான் தொடங்க வேண்டுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரை ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் யாரையும் பார்க்காமல், எதுவும் கேட்காமல், சொந்த நடையில் சுற்றிச் சுற்றி எழுதியதைப் பிடிக்க எந்த மென்பொருளும் இல்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பிடிக்கலாம். எந்த ஊருக்குப் போனீர்கள், யாரிடம் பேசினீர்கள், அவர்கள் உங்களிடம் எதைச் சொல்ல மறுத்தார்கள் என்று கேட்டு, அதற்கு இருபது மதிப்பெண் ஒதுக்கினால், அடுத்த ஆண்டே தலைப்புகள் சுருங்கத் தொடங்கும்.